லெவிட்டவுன்

நியூயார்க் நகரை அடுத்த லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு வயல்கள் இருந்த இடத்தில் லெவிட் நிறுவனம் 1947 முதல் 1951 வரை கட்டிய புறநகர்க் குடியிருப்பு. மொத்தம் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்க கால வீடு சுமார் 750 சதுர அடி. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள் அரசு உத்தரவாதக் கடனில் வாங்கினர். வேலி போடக்கூடாது, புல்லை வாராவாரம் வெட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே விதி இருந்தது. தனிமை நாடி வந்தவர்களின் கொல்லைப்புறம் அக்கம்பக்கத்தார் பார்வையில் திறந்தே கிடந்தது.

இத்தகைய ஊர்களில் சமூக வாழ்வு வற்றிவிடும் என்றார் நகரியல் அறிஞர் லூயிஸ் மம்ஃபோர்ட். சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் அதே நிறுவனம் நியூஜெர்சியில் கட்டிய மற்றொரு லெவிட்டவுனில் 1958-இல் குடியேறி, ஈராண்டு வாழ்ந்து பார்த்தார். 1967-இல் வெளியான அவரது நூல் வேறு சித்திரம் தந்தது: சொந்த வீடும் இடவசதியும் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் நிறைவாக இருந்தனர், அண்டை வீட்டாரோடு முன்னைவிட அதிகம் பழகினர். போக இடமின்றிச் சலித்தவர்கள் பதின்வயதினர். புறநகர் விரிவாக்கம் பற்றிய விவாதத்தில் குடியிருப்போரின் குரலுக்கு இடம் தந்தது இந்நூலின் பெரும் சிறப்பு.

ஆனால் அந்த அக்கம்பக்க நெருக்கம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. லாங் ஐலண்ட் ஒப்பந்தங்கள் வெள்ளையரல்லாதோரை விலக்கின. அந்நிறுவனம் பென்சில்வேனியாவில் கட்டிய லெவிட்டவுனில் 1957-இல் குடியேறிய முதல் கறுப்பினக் குடும்பத்தின் வீட்டைக் கூட்டம் சூழ்ந்து கல்லெறிந்தது. துணைநின்ற அண்டை வீட்டாரும் மிரட்டப்பட்டனர்.