சிவந்த கண்ணும் இருநூறு ஆண்டு வரலாறும்

கந்தப்பளை போன்ற உயர்ந்த மலைப்பிரதேசத்தில் கண் சிவப்பதற்குக் காரணங்கள் பல. லயத்து அறையில் விறகடுப்புப் புகை. வெளியே மலைக்காற்றும் வெயிலும். மரக்கறித் தோட்டங்களில் தெளிக்கப்படும் கிருமிநாசினி. கொழுந்து பறிக்கையில் கண்ணில் குத்தும் தேயிலை வாது. போதாக்குறைக்குப் பாடசாலையிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் தொற்று. ஆனால் இத்தனைக்கும் நம்மவர் வழங்கும் பெயர் ஒன்றுதான்: கண்வலி. காரணம் கேட்டால் "சூடு" என்பர். சிலர் தாய்ப்பால் விடுவர். சிலர் அடுத்த வீட்டில் மீந்திருக்கும் சொட்டு மருந்தை வாங்கி விடுவர். செய்தியாளனாகத் தோட்டங்களுக்குச் சென்றுவந்த ஆண்டுகளில் நான் மீண்டும் மீண்டும் கேட்ட பதில் இது.

இதை அறியாமை என்று எள்ளுவதற்கில்லை. மருத்துவ உலகமே இந்தச் சிவப்பைப் பிரித்தறிய ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

1798இல் நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்தபோது, பிரெஞ்சுப் படையினரும் அவர்களை எதிர்த்த பிரித்தானியப் படையினரும் கண்நோயால் அவதியுற்றனர். ஊர் திரும்பியவர்களில் பலர் பார்வையிழந்திருந்தனர். 'எகிப்தியக் கண்நோய்' என்று அதற்குப் பெயரிடப்பட்டது. பாலைவன மணல், வெப்பம், இரவுப் பனி என்று ஆளுக்கொரு காரணம் கூறினர். உண்மையில் அந்த ஒரே பெயருக்குள் ட்ரக்கோமா உட்படப் பல நோய்கள் ஒளிந்திருந்தன. 1805இல் லண்டனில் உருவாகிப் பின்னர் மூர்ஃபீல்ட்ஸ் எனப் பெயர் பெற்ற கண் மருத்துவமனைக்கு இந்த அவலமே உந்துதலாக அமைந்தது. அதைத் தொடர்ந்து 1819இல் சென்னையிலும் ஒரு கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதுவே இன்று எழும்பூரில் இயங்குகிறது.

அதே 1819ஆம் ஆண்டில் லண்டனில் ஜோன் பொஸ்டொக் என்ற மருத்துவர் தமது சொந்த நோயையே விவரித்து ஒரு கட்டுரை வாசித்தார். ஆண்டுதோறும் கோடையில் தமது கண்கள் சிவந்து அரிப்பதையும், தும்மல் தொடர்வதையும் அதில் பதிவு செய்தார். அது எவருக்கும் தொற்றவில்லை, பார்வையையும் பறிக்கவில்லை. மகரந்தமே அதற்குக் காரணம் என்பதை 1873இல் சார்ள்ஸ் பிளாக்லி பரிசோதனைகள் மூலம் நிறுவினார். இவ்வாறு தொற்றாத சிவப்பு ஒன்று தனியே பிரிந்தது.

தொற்றும் சிவப்பின் கதையில் தமிழருக்கு நன்கு அறிமுகமான பெயர் 'மெட்ராஸ் ஐ'. 1918இல் சென்னையில் முதலில் இனங்காணப்பட்டதால் இப்பெயர் வந்தது என்பர். எழும்பூர் மருத்துவமனையைச் சேர்ந்த கர்க்பற்றிக் தாம் கண்ட கொள்ளைநோய் பற்றி 1920இல் எழுதியுள்ளார். 1941இல் ஹவாயின் பேர்ள் ஹாபர் கப்பல் தளத்தில் பரவிய கண்நோய் 'கப்பல்தளக் கண்' எனப்பட்டது. கண்ணில் விழுந்த இரும்புத்தூளை எடுக்க மருந்தகம் சென்ற தொழிலாளர்கள், அங்குள்ள கைகளிலிருந்தும் கருவிகளிலிருந்தும் நோயைப் பெற்றுக்கொண்டு திரும்பினர். அதற்குக் காரணமான அடினோ வைரஸ் 1955இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1969இல் கானாவில் தோன்றியது இன்னொன்று. மனிதன் நிலவில் இறங்கிய வேளையாதலால் மக்கள் அதை 'அப்பல்லோ நோய்' என்றனர். 1971இல் அது வங்காளத்தை அடைந்தபோது, அகதிகள் பெருகிய அந்நாளில் 'ஜோய் பங்களா' என்று பெயர் பெற்றது. அதன் கிருமி வேறொரு வைரஸ்.

ஊரையும் காலத்தையும் வைத்துப் பெயரிடுவது எளிது. ஆனால் பெயர் காரணத்தைச் சொல்வதில்லை. இந்த வைரஸ் நோய்களில் பெரும்பாலானவை ஓரிரு வாரங்களில் தாமாகவே ஆறிவிடும். ஆறாத சிவப்பே நம் கவலைக்குரியது.

மதுரை மாவட்டத்தில் 1993இல் நடந்த ஆய்வொன்று, அவ்வாண்டில் ஒரு லட்சம் பேருக்கு 113 பேர் கருவிழிப் புண்ணுக்கு ஆளானதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவில் கண்டதைப் போல் இது பத்து மடங்கு. வயலில் வைக்கோலோ குச்சியோ கண்ணைக் கீறிய பின் பக்டீரியாவோ பூஞ்சையோ புகுவதே இதன் வழமையான தொடக்கம். நேபாளத்தின் பக்தபூரில், பயிற்சி பெற்ற கிராமத் தொண்டர்கள் இத்தகைய கீறல்களுக்கு மூன்று நாட்கள் குளோரம்பெனிக்கோல் களிம்பு இட்டனர். 2001இல் வெளியான முடிவு வியப்பளித்தது: காயம்பட்டு 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கியவர்களில் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை.

இந்த வரலாறு நமக்குக் கற்றுத் தந்த அடையாளங்கள் சிலவற்றை வாசகர்கள் மனத்தில் இருத்துவது நன்று. நீர் வடிந்து, மணல் விழுந்தாற்போல் உறுத்தி, ஒரு கண்ணில் தொடங்கி மற்றதற்கும் பரவினால் பெரும்பாலும் வைரஸ். கை கழுவுதலும் தனித் துவாயும் வேண்டும். மஞ்சளான பீளை கட்டி இமைகள் ஒட்டிக்கொண்டால் பக்டீரியா எனக் கருத இடமுண்டு. இரு கண்களும் கடுமையாக அரித்தால் ஒவ்வாமை. வலியில்லாமல் வெள்ளை விழியில் இரத்தத் திட்டு தோன்றுவது பார்க்கப் பயங்கரம். ஆனால் பெரும்பாலும் தீங்கற்றது. மருந்து தெறித்தால் முதல் வைத்தியம் தண்ணீரே. நீண்ட நேரம் கழுவிவிட்டு வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

அபாய அறிகுறிகள் வேறு. கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, வாது குத்திய பின் வந்த சிவப்பு, தலைவலி வாந்தியுடன் விளக்கைச் சுற்றி வளையம் தெரிதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கண் வைத்தியரைக் காண வேண்டும். மீந்த சொட்டு மருந்து இங்கேதான் ஆபத்தாகிறது. அதில் ஸ்டீரொய்ட் கலந்திருந்தால் சிவப்பு மறையும். உள்ளே பூஞ்சை செழிக்கும். கண் வெளுத்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கையில் பார்வை போய்க்கொண்டிருக்கும்.

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென 1912இலேயே இலங்கையில் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் இன்றும் கண்ணில் வாது குத்திய ஒரு பெண், நுவரெலியாவுக்குப் போனால் அன்றைய பேர் விழாதே என்று எண்ணி நாளைக்குத் தள்ளிப்போடுகிறாள். அந்த நாளைக்குள் 18 மணி நேரம் கடந்துவிடுகிறது. பக்தபூரில் தொண்டர்களால் செய்ய முடிந்ததைக் கந்தப்பளையின் தோட்ட மருந்தகங்களாலும் செய்ய முடியும். தேவைப்படுவது ஒரு சிறு களிம்புக் குழாயும், எந்தச் சிவப்பு காத்திருக்கும், எது காத்திருக்காது என்று அறிந்த ஒருவருமே.