மயிரிழைக் கோடும் பனியன் துணியும்

குண்டடத்திலிருந்து கம்பெனி வண்டியேறித் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு போதோனி என்ற பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. எழுத்தைக் காட்டினால் தெரியும். தடித்த கோடு நல்ல தடிப்பு, மெல்லிய கோடு மயிரிழை, நுனியில் நேரான சின்னக் கால். 'வோக்' பத்திரிகையின் தலைப்பெழுத்து இந்த ஜாதிதான். ஏற்றுமதி டீ-சர்ட்டின் நெஞ்சிலும் இது அடிக்கடி வரும்.

ஜாம்பத்திஸ்தா போதோனி (1740–1813) இத்தாலிக்காரர். 1768-இல் பார்மா நகர அரச அச்சகத்துக்குப் பொறுப்பேற்றார். பாரிஸில் ஃபிர்மேன் திதோவும் ஏறத்தாழ அதே காலத்தில் இதே பாணி எழுத்தை வெட்டினார். திறமை மட்டும் இருந்தால் போதுமா? வழவழப்பான காகிதமும் வேண்டும். இங்கிலாந்தில் பாஸ்கர்வில் 1757-இல் அச்சிட்ட வெர்ஜில் நூலிலேயே, வரி விழாத புதுவகைக் காகிதம் வந்துவிட்டது. அப்படிப்பட்ட காகிதத்தில்தான் மயிரிழை உடையாமல் பதியும்.

நம்ம ஊர்க் கதையையும் சேர்த்துப் பாருங்க. ஓலையில் எழுத்தாணி கீறுகிற கோடு ஒரே தடிமன். அழுத்தினால் ஓலை கிழியும். பல சுவடிகளில் புள்ளியே கிடையாது. ஆக, எழுத்தின் உருவத்தில் கைக்கு எவ்வளவு பங்கோ, அதைத் தாங்குகிற பொருளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இப்போது அந்தப் பொருள் பனியன் துணி. அது கண்ணி கண்ணியாகப் பின்னியது. மேடு பள்ளம் உண்டு, இழுத்தால் விரியும். அச்சடிக்கிற ஸ்க்ரீனும் வலைதான். வலை இழையைவிடக் கோடு மெலிந்தால் அங்கங்கே அறுந்துபோகும். மை காய்ந்து அடைத்தாலும் முதலில் போவது மயிரிழைதான். செக்கிங்கில் பீஸ் ஒதுங்கினால் அடி விழுவது ஜாப் ஒர்க் எடுத்த பிரிண்டிங் பட்டறைக்கு.

அதனால் விவரமான பட்டறையில், ஃபிலிம் எடுக்கும்போதே மெல்லிய கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கிவிடுவார்கள். பையர் அனுப்பிய டிசைனைக் கெடுப்பதாக இதைச் சொல்ல முடியாது. 1994-இல் ஐ.டி.சி. நிறுவனம் போதோனி எழுத்தை மறுபடி உருவாக்கியபோது, அதன் வடிவமைப்பாளர்கள் பார்மாவுக்கே போய் அவருடைய அச்சுகளைப் பார்த்தார்கள். பிறகு 6, 12, 72 என்று மூன்று அளவுக்கு மூன்று வடிவம் வரைந்தார்கள். அளவு சிறுக்கச் சிறுக்க மயிரிழை தடித்தது. போதோனியே ஒவ்வொரு அளவையும் தனித்தனியாக வெட்டியவர்தான்.

அங்கே அந்த வேலைக்கு எழுத்து வடிவமைப்பு என்று பெயர். செய்தவர்களின் பெயரும் பதிவில் இருக்கிறது. இங்கே அதே வேலைக்கு 'ஃபிலிம் சரி பண்றது' என்று பெயர், பில்லில் தனி வரிகூடக் கிடையாது. அச்சுக்கலை வரலாறு எழுதுகிறவர்கள் திருப்பூர்ப் பட்டறைகளுக்கும் ஒரு நடை வந்து போகலாம்.