மேற்கோள் எண்ணிக்கையும் பால் பிராண்டின் ஆய்வு வாழ்வும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஓர் ஆய்வாளரின் தகுதியை அவர்தம் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களின் எண்ணிக்கையால் அளக்கும் வழக்கம் அண்மைக் காலத்தது. யூஜீன் கார்ஃபீல்டு உருவாக்கிய அறிவியல் மேற்கோள் சுட்டி 1960களில்தான் வெளிவரலாயிற்று. ஹிர்ஷின் எச்-குறியீடு 2005இல் முன்வைக்கப்பட்டது. இந்தியக் கல்லூரி ஆசிரியர்களின் பணி உயர்வு மதிப்பெண் கணக்கோடு பிணைக்கப்பட்டது 2010ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளால்தான். இவ்வளவுகோல்கள் தோன்றுமுன்பே தம் பணியின் பெரும்பகுதியை ஆற்றிவிட்ட ஒருவரிடம் அவற்றைப் பொருத்திப் பார்த்தால், அவை எதைக் காண்கின்றன, எதைக் காணத் தவறுகின்றன என்பது புலப்படும். வேலூரில் தொழுநோயாளரின் கைகளை மீட்டமைத்த அறுவை மருத்துவர் பால் வில்சன் பிராண்டு (1914–2003) அத்தகையவர்.

வேலூர்ப் பணி

கொல்லிமலைப் பகுதியில் பணியாற்றிய மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்த பிராண்டு, ஒன்பது வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன், நோயாளரின் முடங்கிய கைகளை அவருக்குக் காட்டினார். தொழுநோயாளரின் தசை கெட்ட தசை, அதில் கத்தி பட்டால் புண் ஆறாது என்பது அன்று மருத்துவர் பலரிடமும் நிலவிய நம்பிக்கை.

பிராண்டும் உடன்பணியாளரும் கைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பதிவு செய்தபோது, நோயின் அழிவில் ஓர் ஒழுங்கு இருப்பது தெரிந்தது. அல்நார் நரம்பு முழங்கையருகிலும் மீடியன் நரம்பு மணிக்கட்டருகிலும் பாதிக்கப்படுகின்றன. ரேடியல் நரம்பு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. எனவே உள்ளங்கையின் சிறுதசைகள் செயலிழந்து விரல்கள் மடங்கி இறுகினாலும், முன்கையில் வலிமையுள்ள தசைகள் எஞ்சியிருக்கும். அவற்றுள் ஒன்றின் தசைநாணை விரல்களுக்குத் திருப்பி இணைக்கலாம். ஸ்டைல்ஸ், புன்னெல் ஆகியோரின் முறை, விரலை மடக்கும் தசை ஒன்றையே இதற்குப் பயன்படுத்தியது. தொழுநோய்க் கைகளில் அம்முறையின் விளைவுகளை பிராண்டு 1958இல் எழுதினார். மணிக்கட்டை நிமிர்த்தும் தசையோடு நான்கு கிளையாகப் பிரித்த தசைநாண் ஒட்டை இணைக்கும் தம் புதுமுறையை 1961இல் வெளியிட்டார். இரண்டும் பிரித்தானிய எலும்பு மூட்டு அறுவை ஆய்விதழில் வந்தவை.

இவற்றினும் ஆழமானது மற்றொரு முடிவு. விரல்கள் தொழுநோயால் தாமாக அழுகி உதிர்வதில்லை. உணர்விழந்த கை, சூடும் வெட்டும் அழுத்தமும் அறியாமல் மீண்டும் மீண்டும் காயமுற்றுத் தேய்கிறது. அதாவது, விரலிழப்பு தடுக்கக்கூடியது. நோயாளிக்குச் சமையல் பாத்திரத்தைப் பிடிக்கும் முறையையும் நாள்தோறும் கைகால்களைப் பார்க்கும் பழக்கத்தையும் கற்பிப்பது இதனால் சிகிச்சையின் பகுதியாயிற்று.

மேற்கோளில் தங்கியதும் தங்காததும்

1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்டு, அங்கிருந்தபோது முன்கை, கைத் தசைகளின் ஒப்பு இழுவிசையையும் நீட்சியெல்லையையும் அளந்து, இருவருடன் இணைந்து 1981இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அது அடிப்படையில் ஓர் எண் அட்டவணை. கையின் இயக்கத்தைக் கணிப்பவர் அவ்வெண்களைக் கையாளும்போது மூலத்தைச் சுட்டியாக வேண்டும். அறுவை முறைக்கு அக்கட்டாயமில்லை. ‘பிராண்டு முறை’ என்று பெயரால் குறிப்பிட்டு, 1961ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுட்டாமலே ஒருவர் எழுதிவிடலாம். உணர்விழப்பே விரலிழப்புக்கு வழி என்ற முடிவுக்குப் பெயர்கூட ஒட்டவில்லை. அது பாடநூலில் உரிமையாளரற்ற உண்மையாகிவிட்டது. ஒரு கருத்து பொதுவறிவில் கலந்ததாலேயே அதன் மூலம் மறைவதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் உள்வாங்கலால் நேரும் மறைவு என விளக்கினார். பிராண்டின் பணிகளுள் மிகப் பலரைக் காத்த ஒன்றே எண்ணிக்கையில் மிகக் குறைவாகத் தெரியக் காரணம் இதுவே. துறையின் சிறுமையும் இதனோடு சேர்கிறது: தொழுநோயின் கை அறுவையைப் பற்றி எழுதுவோரே சிலர், அவர்களுள் எல்லாரும் மேற்கோள் காட்டினும் தொகை சிறிதாகவே இருக்கும்.

ஆயினும் பிராண்டை இழப்பாளராக மட்டும் காட்டுவது பிழை. லாஸ்கர் விருது (1960) முதலிய மதிப்புகள் அவருக்கு வாழ்நாளிலேயே கிடைத்தன. மேலும் இதே மறைவு அவருக்கு ஆதாயமாகவும் அமைந்தது. பாதப் புண்ணுக்கு இறுக்கமான மாக்கட்டு இட்டு நோயாளியை நடமாடவிடும் முறையை 1930களில் இந்தியாவில் ஜோசஃப் கானும் இலங்கையில் மில்ராய் பாலும் கையாண்டனர். அம்முறையை அமெரிக்காவில் பரப்பியவர் பிராண்டு. கார்வில்லிலிருந்து அது நீரிழிவுப் பாதச் சிகிச்சைக்குள் புகுந்தது. அத்துறையில் இன்று முதலில் நினைவுக்கு வரும் பெயர் பிராண்டினுடையது. கானும் பாலும் வரலாற்றுக் குறிப்புகளில் வருகின்றனர்.