வீடு ஆருடையது? கிழக்கு பேர்லினின் ஒரு வீதி

1989 இல் பேர்லின் சுவர் விழுந்ததைப் படங்களில் பார்த்திருக்கிறோம். அதோட கதை முடிஞ்சுது எண்டுதான் பலர் நினைக்கிறோம். ஆனால் அங்கிருந்த சனம் அதற்குப் பிறகும் வாடகை கட்டி வாழவேண்டியிருந்தது. அந்தக் கதையைச் சொல்ல கிழக்கு பேர்லினின் ஒரு வீதி போதும்.

இன்று அதன் பெயர் கார்ல் மார்க்ஸ் அல்லே. 1949 இல் வைத்த பெயர் ஸ்டாலின் அல்லே. போரில் இடிந்துபோன தொழிலாளர் பகுதியில், 1950களின் தொடக்கத்தில், 'தொழிலாளரின் மாளிகைகள்' எண்டு சொல்லித் தொடர்மாடிகளைக் கட்டினார்கள். லிஃப்ட் இருந்தது, குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் வசதி இருந்தது, வாடகையும் குறைவு. இடிபாடுகளை அகற்ற உழைத்தவர்களுக்குச் சீட்டுக் குலுக்கியும் வீடு கொடுத்தார்கள்.

ஆனால் அரசுக்கு எதிராக முதலில் எழுந்ததும் அதே வீதியில் வேலை செய்த கட்டடத் தொழிலாளர்கள்தான். கட்டாய வேலை அளவை 10 வீதம் கூட்டியதை எதிர்த்து 1953 யூன் 16 அன்று வேலையை நிறுத்தினார்கள். மறுநாள் அது நாடெங்கும் பரவியது. சோவியத் டாங்கிகள் வந்து அடக்கின. 1961 இல் ஸ்டாலின் சிலையை ஓர் இரவில் அகற்றி, வீதிக்கும் புதுப்பெயர் வைத்தார்கள். தொழிலாளரின் அரசு எண்டார்கள். தொழிலாளரைக் கேட்டு முடிவெடுக்கும் பழக்கம் மட்டும் வரவில்லை.

1990 இல் இரு ஜேர்மனிகளும் ஒன்றாகின. பேச்சுரிமையும் பயணிக்கும் உரிமையும் வந்தன. அதைக் குறைச்சு மதிப்பிடேலாது. கூடவே வீடுகளும் சந்தைக்கு வந்தன. இந்த வீதியின் தொடர்மாடிகள் பலவும் 1990களில் தனியார் கைக்குப் போயின.

2018 இன் இறுதியில், அங்குள்ள ஏறத்தாழ 700 வீடுகளை ஒரு பெரிய வீட்டுக் கம்பனி வாங்கப்போகிறது எண்டு தெரிய வந்தது. வாடகைக்கு இருந்தவர்கள் சுவர்களில் பதாகை கட்டிப் போராடினார்கள். 2019 இல் நகர அரசு தன்னுடைய வீட்டு நிறுவனம் மூலம் ஏறத்தாழ 670 வீடுகளை வாங்கியது. 3,000 க்கு மேற்பட்ட வீடுகளை வைத்திருக்கும் தனியார் கம்பனிகளின் வீடுகளைப் பொதுவுடைமையாக்கலாமா எண்டு 2021 இல் முழு பேர்லினிலும் வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 59 வீதமானோர் 'ஓம்' எண்டார்கள். அந்த முடிவு அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

இதைப் பழைய ஆட்சி மேலான ஏக்கமாக நாங்கள் வாசிக்கவில்லை. அந்த ஆட்சியை எதிர்த்துத் தெருவுக்கு இறங்கியதும் இதே வீதிதானே. 1953 இல் அரசிடமும் 2018 இல் கம்பனியிடமும் அந்த வீதி கேட்டது ஒரே கேள்வி: எங்கட வேலையையும் வீட்டையும் பற்றி எங்களைக் கேக்காமல் முடிவெடுக்க நீங்கள் ஆர்? ஆட்சி மாறினது. கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது.