மாயர் குரலும் தொலைத்துணையும்

தோற்றுவாய்

ஒரு மக்களினத்தின் மொழி வாழ்வதற்குப் பேசும் நாவும் கேட்கும் செவியும் வேண்டும். அவ்விரண்டையும் இணைக்கும் கருவியும் வேண்டும். ஏடும் அச்சும் வானொலியும் அத்தகைய கருவிகள். அவை அம்மக்கள் கையிலே இருந்தனவா, பிறர் கையிலே இருந்தனவா என்பதைப் பொறுத்தே பல மொழிகளின் வாழ்வும் தாழ்வும் அமைந்தன.

இந்நாளில் பல்கலைக்கழக மாணவர் பலர் தம் ஊரில் இருந்தவாறே, கணினி வழியாகத் தொலைநாட்டுத் தொல்குடியினரின் உரிமைப் பணிக்கும் வானொலிப் பணிக்கும் துணைசெய்யும் பயிற்சியில் சேர்கின்றனர். ஆவணம் தொகுத்தல், மொழிபெயர்த்தல், முறையீடு வரைதல் ஆகியன அவர்தம் பணிகள். இதனை முற்றிலும் புதியதோர் உறவு எனக் கருதுவோர் உளர். கருவி புதிது, உறவோ பழையது. நடு அமெரிக்காவின் மாயரைப் பற்றிய வரலாற்றில், அயலாரின் எழுதுகோல் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இடம்பெற்று வந்துள்ளது. அத்துணையால் விளைந்த பயன் யாரிடம் சென்று சேர்ந்தது என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகும் வினா.

ஏடு எரிந்த கதை

மாயர் தமக்கென எழுத்துமுறை கண்டவர். அத்திவகை மரங்களின் பட்டையைத் தட்டித் தாளாக்கி, அதன்மேல் வெண்சுதை பூசி, மடிப்பு மடிப்பான ஏடுகளாக எழுதினர். வான்கோள்களின் இயக்கமும் சடங்குகளும் நாட்கணக்கும் அவற்றில் இடம்பெற்றன. 1562ஆம் ஆண்டு, இன்று மெக்சிகோ நாட்டில் உள்ள யுகத்தான் பகுதியில், மானி என்னும் ஊரில், தியேகோ தே லாந்தா என்ற இஸ்பானியத் துறவி அவ்வேடுகள் பலவற்றைத் தீயிலிட்டார். இன்று உலகில் எஞ்சியுள்ள மாய ஏடுகள் நான்கே. அவற்றுள் மூன்று திரெஸ்தென், மாத்ரித், பாரிஸ் ஆகிய ஐரோப்பிய நகரங்களில் உள்ளன. ஒன்று மட்டும் மெக்சிகோ நகரில் உள்ளது.

ஏடுகளை எரித்த அதே லாந்தா, யுகத்தானைப் பற்றித் தாம் எழுதிய நூலில் மாய எழுத்துகள் சிலவற்றை ஒலிக்குறிப்புடன் வரைந்து வைத்தார். அந்நூலின் படி மாத்ரித் நகரில் கிடந்து, 1864இல் அச்சேறியது. அதனைத் துணைக்கொண்டே, 1952இல், சோவியத்து அறிஞர் யூரி நோரோசோவ் மாய எழுத்து ஒலியசைகளையும் குறிப்பது என்று நிறுவினார். அவர் லெனின்கிராதில் நூல்களின் நடுவே அமர்ந்து இதனைக் கண்டவர். மாயர் நிலத்தில் அவர் முதன்முறை கால்வைத்தது 1990இல்தான். தொலைவிலிருந்து செய்யும் பணி சிறுமையுடையது அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் ஒன்றை ஈண்டு நோக்குதல் வேண்டும். மூல ஏடுகள் பெரும்பாலும் மாயர் நிலத்தில் இல்லை. அவற்றைப் படிக்கும் திறவுகோலும் நெடுங்காலம் அவர் கைக்கு எட்டவில்லை.

இரு பத்தியில் ஒரு நூல்

இரண்டாவது சான்று குவாத்தமாலா நாட்டிலிருந்து கிடைப்பது. மாயருள் ஒரு பிரிவினரான கிச்சே மக்களின் படைப்புக் கதையும் மரபுவழி வரலாறும் அடங்கிய நூல் போப்போல் வூ. இஸ்பானியர் வரவுக்குப்பின், பதினாறாம் நூற்றாண்டின் நடுவில், கிச்சே அறிஞர் அதனை இலத்தீன் எழுத்தில் வரைந்தனர். 1701க்கும் 1703க்கும் இடையில், சிச்சிகாஸ்தெனாங்கோ என்னும் ஊரில் பணிபுரிந்த பிரான்சிஸ்கோ ஹிமெனெஸ் என்ற பாதிரியார் அதனைப் படியெடுத்தார். ஒரு பத்தியில் கிச்சே மூலமும் மறு பத்தியில் இஸ்பானிய மொழிபெயர்ப்பும் அமைய எழுதினார். கிச்சேயர் எழுதிய மூலச்சுவடி மறைந்து போயிற்று. ஹிமெனெஸ் எழுதிய படியே எஞ்சியது. மூலத்தை அழிக்காமல் மொழிபெயர்ப்போடு ஒருங்கே வைத்த அவர் செயல் பாராட்டுதற்குரியது. ஆனால் அப்படியும் இன்று குவாத்தமாலாவில் இல்லை. சிக்காகோ நகரத்து நியூபெரி நூலகத்தில் உள்ளது.

இவ்விரு சான்றுகளாலும் ஓர் உண்மை புலனாகின்றது. அயலார் துணையால் மாயரின் சொல் காக்கப்பட்டது. காக்கப்பட்ட பொருள் மட்டும் மாயரை விட்டு அகன்றது.

வானொலியும் ஏலமும்

இருபதாம் நூற்றாண்டில் வானொலி புதிய கருவியாக வந்தது. எழுதப்படிக்க அறியாத முதியோர்க்கும் மலைச்சிற்றூரார்க்கும் அவரவர் மொழியிலேயே செய்தி சொல்ல வல்லது அது. குவாத்தமாலாவில் 2018ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பத்தொன்பது இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். அவருள் மாயர் 41.7 விழுக்காட்டினர். அந்நாட்டில் மாய மொழிகள் 22 என ஏற்கப்பட்டுள்ளன. இத்துணை மொழிகளும் ஒலிக்க வேண்டுமாயின் ஊர்தோறும் சிறு வானொலி வேண்டும் என்பது வெளிப்படை.

1960 முதல் 1996 வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. கொல்லப்பட்டோரும் காணாமற் போனோரும் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர் என்றும், இன்னார் என அறியப்பட்டோருள் 83 விழுக்காட்டினர் மாயர் என்றும் 1999இல் உண்மை விளக்க ஆணையம் அறிவித்தது. அப்போரை முடிக்க எழுந்த உடன்பாடுகளுள் ஒன்று 1995ஆம் ஆண்டு மார்ச்சில் கையெழுத்தானது. தொல்குடியினரின் அடையாளமும் உரிமையும் பற்றிய அவ்வுடன்பாட்டில், வானொலி அலைவரிசைகள் அவர்க்குக் கிடைக்கும்படி சட்டம் திருத்தப்படும் என்ற உறுதிமொழியும் இடம்பெற்றது.

அடுத்த ஆண்டிலேயே வந்த தொலைத்தொடர்புச் சட்டமோ அலைவரிசைகளை ஏலத்தில் விடுமாறு விதித்தது. மிகுதியாகப் பணம் தருபவர்க்கே உரிமை. இச்சட்டம் எவரையும் இனம் சுட்டி விலக்கவில்லை. அனைவர்க்கும் ஒரே விதி. ஆனால் செல்வரும் வறியவரும் ஒரே ஏலத்தில் நிற்கும்போது, ஒரே விதி இருவேறு விளைவு தருகின்றது. மாயர் வானொலிகள் பல உரிமம் இன்றியே இயங்கலாயின.

அவற்றுள் ஒன்று, கக்சிக்கேல் மக்கள் வாழும் சும்பாங்கோ என்னும் ஊரின் இஷ்செல் வானொலி. மாயரின் பெண் தெய்வம் ஒன்றின் பெயர் அது. 2006இல் காவலர் புகுந்து அதன் கருவிகளைக் கைப்பற்றினர். ஆச்சீ மக்களின் ஊராகிய சான் மிகுவேல் சிக்காகில் இயங்கிய நிலையத்திற்கு 'ஊக்குல் தினமீத்' என்பது பெயர். மக்கள் குரல் என்பது அதன் பொருள். 2012இல் அந்நிலையமும் அவ்வாறே முடக்கப்பட்டது. தம் ஊரார்க்குத் தம் மொழியில் பேசியோர் குற்றவாளிகளாக வழக்கில் நிறுத்தப்பட்டனர். ஏடு எரித்த தீ வேறு, கருவி பறித்த ஆணை வேறு. எனினும் விளைவு நோக்கின் இரண்டும் ஒருவகையின என்றே யாம் கருதுகின்றோம்.

முறைமன்றத்தில் மாயர்

2012இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் ஏலச்சட்டத்தைச் செல்லாததாக்க மறுத்தது; தொல்குடியினர்க்கு உரிய சட்டம் இயற்றுமாறு பேரவைக்கு அறிவுரை மட்டும் கூறிற்று. அதன்பின் நான்கு ஊரார் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையத்தை நாடினர். மேலே சுட்டிய இரண்டு ஊர்களுடன், மாம் மக்களின் கஹோலாவும் தோதோஸ் சாந்தோஸ் குச்சுமத்தானும் அவை. அவர் சார்பில் முறையீட்டை வரைந்தளித்தோர் இரு திறத்தார்: குவாத்தமாலாவில் இயங்கிய சோப்ரெவிவென்சியா குல்துரால் என்னும் சங்கத்தார் ஒருபால், பாஸ்டன் நகரத்துச் சஃபோக் பல்கலைக்கழகச் சட்டக்கல்லூரியின் தொல்குடி உரிமைப் பயிற்சிப் பிரிவினர் மறுபால். பின்னது ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர் மெய்யான வழக்குகளில் பணிசெய்து பயிலும் இடம்.

2020இல் ஆணையம் வழக்கை அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. பெருந்தொற்றுக் காலமாதலின், 2021 ஜூனில் நிகழ்ந்த விசாரணையும் கணினித்திரை வழியாகவே நடைபெற்றது. அவ்வாண்டு அக்டோபர் 6ஆம் நாள் தீர்ப்பு எழுதப்பட்டது. கருத்துரைக்கும் உரிமை, சட்டத்தின்முன் சமன்மை, பண்பாட்டு வாழ்வில் பங்குகொள்ளும் உரிமை ஆகியவற்றை அரசு மீறியது என நீதிமன்றம் கண்டது. அலைவரிசைகளில் ஒரு பகுதியைத் தொல்குடிச் சமூக வானொலிகளுக்கென ஒதுக்குக, அந்நான்கு நிலையங்களும் தடையின்றி இயங்க விடுக, வானொலி நடத்தியதற்காக வழக்குத் தொடுப்பதை நிறுத்துக, விதித்த தண்டனைகளை நீக்குக என ஆணையிட்டது. தொல்குடியினர் தம் மொழியில் தம் ஊடகம் நிறுவலாம் என்று 2007ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் அறிவிக்கை பதினாறாம் பிரிவில் கூறிய நெறி, இத்தீர்ப்பால் ஒரு நாட்டைக் கட்டுப்படுத்தும் ஆணையாயிற்று.

முடிபு

லாந்தா, ஹிமெனெஸ், நோரோசோவ், பாஸ்டன் மாணவர் ஆகிய அனைவரும் மாயர்க்கு அயலாரே. அவருள் கடையவர்க்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அவர் மாயரின் சொல்லைத் தொகுத்துத் தம் நாட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. மாயர் தொடுத்த வழக்குக்கு வேண்டிய சட்டமொழியைத் தந்தனர். நூலகத்தில் வைத்துக் காக்கும் பொருள் எதுவும் அவர்க்குக் கிடைக்கவில்லை. பயன் சும்பாங்கோவுக்கே உரியதாயிற்று. என்ன பேசுவது, எம்மொழியில் பேசுவது என்பன அவ்வூரார் முடிவு செய்வன.

ஆதலின், தொலைவிலிருந்து தொல்குடியினர்க்குத் துணைசெய்யப் புகும் மாணவர், மூன்று வினாக்களைத் தம்முள் கேட்டுக்கொள்ளல் தகும். இப்பணியை வேண்டியவர் யாவர்? இதன் விளைவு யார் கையில் தங்கும்? அது அவர்தம் மொழியில் அவரிடம் மீளுமா? நாட்டுப்புற வழக்குகளையும் பழங்குடி மொழிகளையும் களத்தில் திரட்டும் எம்போன்ற மொழித்துறையாரும் இவ்வினாக்களுக்கு விலக்காதல் இயலாது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அச்சேறிய கதையைச் சொன்ன மூதாட்டிக்கு அவ்வேட்டின் படியேனும் சென்றதா எனக் கேட்பின், பல துறைகள் விடை கூற இடர்ப்படும்.

தீர்ப்பு ஒன்றே அலைவரிசையைத் தந்துவிடாது. அதற்குரிய சட்டம் செய்தல் குவாத்தமாலாப் பேரவையின் கடன். ஆயினும் நான்கு மலையூர்கள் தம் குரல் குற்றமன்று என்பதை ஒரு கண்டத்தின் முறைமன்றத்தில் நிலைநாட்டின. அதற்குத் தொலைவில் இருந்தோர் துணைநின்றனர். குரல் மட்டும் என்றும் போல் அவ்வூர்களுடையதாகவே இருந்தது.