புறத்தார் அகத்தாரான வரலாறு

தமிழில் 'புறம்' என்னும் சொல் வெளிப்பக்கத்தைக் குறிக்கும். நம் ஊர்களின் அமைப்பிலோ அச்சொல்லுக்கு வேறொரு சுமையும் உண்டு. ஊர் என்பது அகம். சேரி என்பது புறம். கிணறு, கோயில், தேரோடும் வீதி, திண்ணைப் பள்ளி யாவும் அகத்தில் இருந்தன. அவற்றைத் தொலைவில் நின்று நோக்குவதே புறத்தில் இருந்தோர்க்கு வாய்த்தது. பல இடங்களில் அதுவும் வாய்க்கவில்லை. விவிலியத்தைத் தமிழாக்கியோர், யூதரல்லாத மக்களைக் குறிக்கப் 'புறஜாதியார்' என்னும் சொல்லை ஆண்டனர். அவர்கள் எண்ணியது பிற நாட்டு இனங்களையே. ஆயினும், சேரியில் அமர்ந்து அந்நூலைப் படித்தவன் அச்சொல்லில் தன் பெயரையே கண்டிருப்பான். ஆகவே, புறஜாதியார் அகத்தாரான வரலாறு நமக்கு வெறும் அயல்நாட்டுச் செய்தி அன்று.

இயேசு வாழ்ந்த காலத்தில் எருசலேம் ஆலயத்தின் வெளிப்பிராகாரம் வரை எவரும் செல்லலாம். அதற்கு உட்புறம் ஒரு கல் தடுப்பு இருந்தது. அயலார் அதனைக் கடத்தல் ஆகாது என்றும், கடந்து பிடிபட்டோர் தம் மரணத்திற்குத் தாமே பொறுப்பாவர் என்றும் கிரேக்க மொழியில் எச்சரித்த கல்வெட்டு ஒன்றை 1871-இல் பிரெஞ்சு அறிஞர் கிளெர்மோன்-கன்னோ கண்டெடுத்தார். அக்கல் இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. எபேசு நகரத்தானாகிய துரோப்பீமு என்பவனைப் பவுல் ஆலயத்திற்குள் அழைத்து வந்துவிட்டார் என்னும் ஐயத்தினாலேயே, ஏறத்தாழ கி.பி. 57-இல், கூட்டம் அவர்மீது பாய்ந்தது, அவர் சிறைப்பட்டார்.

இங்கு ஒன்றை நேர்மையுடன் கூறுதல் வேண்டும். யூதர் உரோமரின் ஆட்சிக்கு அடங்கிக் கிடந்த மக்கள். தம் சமயத்தையும் தனித்தன்மையையும் காத்துக்கொள்ளவே அவர்கள் வேலி இட்டனர். அவ்வேலிக்கு ஒரு வாயிலும் இருந்தது. விருத்தசேதனம் பெற்று நியாயப்பிரமாணத்தை ஏற்ற அயலான் உள்ளே வரலாம். நம் நாட்டுச் சாதிக்கோ வாயிலே இல்லை. எச்சடங்கைச் செய்தாலும் பிறப்பு மாறுவதில்லை. மேலும், அந்த வேலியைத் திறந்தோரும் யூதரே என்பதை நாம் மறத்தலாகாது.

திறப்பு எங்கே தொடங்கியது? யோப்பாக் கடற்கரையில், தோல் பதனிடும் சீமோன் என்பவனுடைய வீட்டில். தோல் பதனிடுதல் அக்காலத்து யூதரிடையேயும் தாழ்வாக எண்ணப்பட்ட தொழில். அவ்வீட்டின் மேல்தளத்தில் நண்பகலில் செபித்துக்கொண்டிருந்த பேதுரு ஒரு காட்சி கண்டார். கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்லும் உரிமை மனிதனுக்கு இல்லை என்பதே அக்காட்சியின் பொருள். அடுத்து அவர் செசரியா நகர் சென்று, கொர்நேலியு என்னும் உரோமப் படைத்தலைவனின் இல்லத்தில் நுழைந்தார். அவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே, அங்குக் கூடியிருந்த அயலார்மீது தூய ஆவி இறங்கியதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். எச்சடங்கும் நிகழும் முன்னரே கடவுள் அவர்களை ஏற்றுக்கொண்டார். திருச்சபை செய்தது, அந்த ஏற்பினைக் கண்டு ஒப்புக்கொண்டது மட்டுமே.

எனினும் வழக்கு தீரவில்லை. அயலார் முதலில் யூதராக மாறியே கிறிஸ்தவராதல் வேண்டும் என்று ஒரு சாரார் வாதிட்டனர். ஏறத்தாழ கி.பி. 49-இல் எருசலேமில் கூடிய சங்கம் இதனை ஆராய்ந்தது. பேதுருவும் பவுலும் பர்னபாவும் தாம் கண்டவற்றை உரைத்தனர். யாக்கோபு முடிவு கூறினார். அயலார் விருத்தசேதனம் பெற வேண்டியதில்லை. சிலைகளுக்குப் படைத்த உணவு, இரத்தம், ஒழுக்கக்கேடு முதலியவற்றை விலக்கினால் போதும் என்று தீர்மானம் எழுதி அனுப்பப்பட்டது. உள்ளே வருவோன் தன்னை அழித்துக்கொண்டு வர வேண்டியதில்லை, தானாகவே வரலாம் என்பதே அத்தீர்மானத்தின் சாரம்.

தீர்மானம் ஒன்று, நடைமுறை வேறொன்று. அந்தியோக்கியாவில் அயலாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். பர்னபாவும் அவ்வழியே சென்றார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அவர் இதனை மறைக்காமல் பதிவு செய்தார். தலைமை அப்போஸ்தலரேயாயினும் பந்தியில் பிரிவு காட்டினால், அவர் நற்செய்திக்கு முரணாக நடந்தவர் ஆகிறார். கிறிஸ்தவ விடுதலை என்பது மறுமைக்கு மட்டும் உரிய பொருள் அன்று. உணவுப் பந்தியில் சோதித்தறிய வேண்டிய பொருள் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இதே சோதனை நம் மண்ணிலும் நிகழ்ந்தது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, 1714-இல் நான்கு சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் தமிழில் அச்சிட்டு வெளியிட்டார். அந்த ஐந்து புத்தகங்கள் அடங்கிய பிரதி ஒன்று, தஞ்சை அரசரின் படையில் பணியாற்றிய இராஜநாயக்கன் என்பவரின் கைக்கு எட்டியது. அவர் பறையர் குலத்தில் பிறந்தவர், எழுத்தறிந்தவர். கொர்நேலியுவின் கதையும் எருசலேம் சங்கத்தின் தீர்மானமும் அந்நூலில் உள்ளவை. அதனைக் கற்றுத் தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்த அவர், உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் நெடுங்காலம் உழைத்தார். 1733-இல் ஆரோன் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். இராஜநாயக்கனுக்கோ அப்பதவி வழங்கப்படவில்லை. அவர் கையிலிருந்து திருவிருந்து பெற மேல்சாதிக் கிறிஸ்தவர் இசையார் என்பதே மிஷனரிகள் கொண்ட தயக்கம். அந்தியோக்கியாவில் பேதுருவைப் பிடித்த அதே அச்சம், தரங்கம்பாடியில் மீண்டும் வந்து நின்றது.

பின்னாளில் கண்டனக் குரலும் எழாமல் இல்லை. ஆலயத்தில் தனித்தனியே அமர்தல், தனித்தனியே திருவிருந்து பெறுதல் ஆகிய சாதி வழக்கங்கள் ஒழிய வேண்டும் என்று 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதினும் சபையை விடுதல் நன்றென வெளியேறினர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலோ சாதி கட்டடமாகவே எழுந்து நின்றது. அங்கு 1872-இல் கட்டப்பெற்ற கத்தோலிக்கக் கோயிலில் வேளாளர் ஒரு பகுதியிலும், நாடார் முதலிய பிறர் மறுபகுதியிலும் அமர்ந்தனர். இடையே சுவர் நின்றது. 1910-இல் ஆயர் அச்சுவரை அகற்றச் செய்தார். தனியிடம் தமக்குரிய உரிமை என்று வேளாளர் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை.

சட்டமும் ஒரு சுவரை எழுப்பியது. 1950-இல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் அல்லாதாரைப் பட்டியல் சாதியினராகக் கொள்ள மறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. உங்கள் சமயத்தில் சாதி இல்லை என்று சட்டம் சொல்ல, எங்கள் கல்லறையில் உங்களுக்கு இடம் இல்லை என்று சபையார் சொல்ல, இரண்டுக்கும் நடுவே நின்றவர் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர். புறத்திலும் புறமாக அவர் நிறுத்தப்பட்டார்.

இவ்வரலாற்றை ஒருசேர நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகும். கடவுளின் ஏற்பு, அகத்தில் இருப்போர் மனமுவந்து அளிக்கும் சலுகை அன்று. அது முன்னரே அளிக்கப்பட்டுவிட்டது. மறுக்கப்பட்டதெல்லாம் அதன் பயனே. கொடுக்கப்பட்டதைக் கேட்பவன் இரப்பவன் ஆகான். தன் உரிமையைக் கேட்பவனே ஆவான்.

அவ்வுரிமையை அறிதற்குக் கல்வி வேண்டும். படிக்கத் தெரிந்திராவிடில் இராஜநாயக்கன் அந்தத் தீர்மானத்தை அறிந்திரார். தமக்கு மறுக்கப்பட்ட பீடம் எந்த நூலின்படி தமக்கு உரியது என்பதை அவரால் சுட்டியிருக்கவும் இயலாது. நம் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க எழுந்த இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கும் இவ்வேளையில், இதனை நினைவுகூர்தல் தகும். இம்மலரைப் படிக்கும் இளைஞர் எச்சமயத்தவராயினும் ஆகுக. தீட்டு என்று மனிதர் எழுதிய எந்தப் பலகையின் முன்னும் அவர் தலைகுனிந்து நிற்றல் வேண்டா. தாம் அமரும் பந்தியில் தமக்கும் கீழே ஒருவரை அவர் இருத்துதலும் வேண்டா. முன்னது விடுதலை, பின்னது அவ்விடுதலை மெய்யென்பதற்குச் சான்று.