எல்லை தாண்டினால் வரி

அமெரிக்காவில் வரிவிலக்குப் பத்திரங்களை வாங்கும் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டவருக்கு ஆண்டுத் தொடக்கத்தில் 1099-டி.ஐ.வி என்ற தாள் வந்து சேரும். அதில் விலக்குப் பெற்ற ஈவுத்தொகை என்று தனிக்கட்டத்தில் ஒரு தொகை இருக்கும். மத்திய அரசின் 1040 படிவத்தில் அதை ஒரு கட்டத்தில் எழுதிக் காட்டினால் போதும், வரி கிடையாது. மாநிலப் படிவத்தில்தான் சிக்கல். பல மாநிலங்கள் மத்திய அரசின் கணக்கில் வந்த மொத்த வருமானத்தையே தங்கள் கணக்கின் முதல் எண்ணாக எடுத்துக்கொள்கின்றன. அந்த எண்ணில் இந்த ஈவுத்தொகை சேர்ந்திருக்காது. ஆகவே, பிற மாநிலங்களின் பத்திரங்களிலிருந்து வந்த பகுதியை மட்டும் ஒரு கட்டத்தில் திரும்பக் கூட்டச் சொல்கிறது மாநிலம். இந்தப் பாகுபாட்டுக்கு வேர் எது என்று கேட்டால், ஓர் அரசின் கருவியின் மீது இன்னொரு அரசு வரி போடலாகாது என்ற பழைய அரசியல் சட்டக் கொள்கையைக் காட்டுவது வழக்கம். அந்தக் கொள்கைக்கும் இந்தக் கட்டத்துக்கும் உள்ள உறவு மிக மெல்லியது என்பதே என் வாதம். இதை உருவாக்கியதும் காப்பாற்றி வருவதும் கடன் வாங்கும் மாநிலத்தின் தன்னலம்.

கொள்கையின் கதையை முதலில் பார்த்துவிடலாம். 1819இல் மேரிலாந்து மாநிலம் மத்திய வங்கியின் மீது போட்ட வரியைத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் செல்லாது என்றார். 1829இல் சார்ல்ஸ்டன் நகரம் மத்திய அரசின் கடன் பத்திரங்கள் மீது போட்ட வரியும் அப்படியே விழுந்தது. மறுபக்கம், 1895இல் போலக் வழக்கில், மாநில, நகராட்சிப் பத்திரங்களின் வட்டியை மத்திய அரசு தொடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இவை எல்லாமே மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான வழக்குகள். ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தின் பத்திரத்துக்கு வரி போடலாமா என்ற கேள்விக்கு இவற்றில் இடமே இல்லை. அந்தக் கேள்வி 1881இல் போனபார்ட் வழக்கில் வந்தது. பால்டிமோரில் குடியிருந்தவர் கையில் நியூயார்க், பென்சில்வேனியா முதலிய மாநிலங்களின் பத்திரங்கள் இருந்தன. அவற்றுள் சிலவற்றை வெளியிட்ட மாநிலமே தன் எல்லைக்குள் வரியிலிருந்து விடுவித்திருந்தது. மேரிலாந்தும் அந்த விலக்கை மதிக்க வேண்டும் என்பது கோரிக்கை. நீதிமன்றம் மறுத்துவிட்டது: ஒரு மாநிலம் தரும் விலக்கு அதன் எல்லையோடு முடிந்துவிடுகிறது. இன்றைய மாநிலப் படிவத்தின் அந்தக் கட்டத்துக்கு உண்மையான முன்னோர் மார்ஷலின் தீர்ப்புகளைவிட அதிகம் பேசப்படாத இந்தத் தீர்ப்புதான்.

1913இல் 16ஆவது திருத்தம் மத்திய அரசுக்கு வருமானவரி போடும் அதிகாரத்தைத் தந்தது. எந்த வழியில் வந்த வருமானமாயினும் என்ற அதன் வாசகம் மாநிலப் பத்திரங்களையும் விழுங்கிவிடும் என்று 1910லேயே நியூயார்க் ஆளுநர் சார்ல்ஸ் எவன்ஸ் ஹ்யூஸ் எச்சரித்திருந்தார். அந்த அச்சத்தைத் தணிக்க 1913இன் வருமானவரிச் சட்டமே மாநில, நகராட்சி வட்டியை ஒதுக்கி வைத்தது. மாநிலங்கள் தாங்களே வருமானவரி போடத் தொடங்கியபோது (விஸ்கான்சின் 1911இல், நியூயார்க் 1919இல்) சொந்தப் பத்திரத்துக்குச் சலுகை, அயல் பத்திரத்துக்கு வரி என்ற ஏற்பாடு வேரூன்றியது. குடிமக்கள் தன்னிடமே குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். விஸ்கான்சினோ இன்றுவரை தன் சொந்தப் பத்திரங்களில் பெரும்பாலானவற்றின் வட்டிக்கும் வரி வாங்குகிறது. இல்லினாய்சும் அப்படித்தான். விலக்கு என்பது மாநிலங்களின் மீது சுமத்தப்பட்ட கடமை என்றால் இந்த இரண்டும் எப்போதோ நீதிமன்றத்தில் தோற்றிருக்கும்.

பத்திரத்தை நேரடியாகக் கையில் வைத்திருந்த காலத்தில் கணக்கு எளிது. பத்திரத்தின் முகப்பிலேயே ஊர்ப்பெயர் இருந்தது. நிதிகள் வந்தபின் அந்த எளிமை போயிற்று. 1961 முதல் யூனிட் டிரஸ்டுகள் இருந்தன. அவை ஒருமுறை வாங்கிய பத்திரங்களை மாற்றாமல் வைத்திருந்ததால் வட்டி அதே வடிவில் முதலீட்டாளரிடம் போய்ச் சேர்ந்தது. வாங்கி விற்கும் மியூச்சுவல் ஃபண்ட் ஈவுத்தொகையாகக் கொடுத்தால் மட்டும் அது வரிக்குரியதாகிவிடும். 1976இன் வரிச் சீர்திருத்தச் சட்டம் இதை மாற்றியது: ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் நிதியின் சொத்தில் குறைந்தது பாதி விலக்குப் பத்திரங்களாக இருந்தால் ஈவுத்தொகைக்கும் அதே விலக்கு. மத்திய அரசு ஒரே விதியில் முடித்துக்கொண்டதை மாநிலங்கள் தத்தம் விருப்பப்படி வெட்டின. 2,000 டாலர் ஈவுத்தொகையில் 12 சதவீதம் சொந்த மாநிலப் பத்திரங்களிலிருந்து வந்தது என்று நிதி நிறுவனத்தின் ஆண்டுப் பட்டியல் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். விகிதாசாரத்தை ஏற்கும் மாநிலத்தில் 240 டாலருக்கு விலக்கு, 1,760 டாலருக்கு வரி. கலிஃபோர்னியாவில் நிதியின் சொத்தில் பாதியாவது அந்த மாநிலப் பத்திரங்களிலோ மத்திய அரசுப் பத்திரங்களிலோ இல்லையென்றால் அந்த 240 டாலருக்கும் விலக்கில்லை. மினசோட்டாவில் விலக்கு ஈவுத்தொகையில் 95 சதவீதம் அந்த மாநிலத்திலிருந்தே வந்திருக்க வேண்டும். 94 என்றால் முழுத் தொகையும் வரிக்குள் வந்துவிடும். எந்த உயர்ந்த கொள்கையும் 50, 95 என்ற எண்களைப் பெற்றெடுக்காது.

இதற்கு வலுவான சான்று 1988இல் கிடைத்தது. தென் கரோலினா எதிர் பேக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் போலக் தீர்ப்பின் அந்தப் பகுதியைக் கைவிட்டது. மாநிலப் பத்திர வட்டிக்கு மத்திய அரசு வரி போட அரசியல் சட்டத்தில் தடையில்லை என்றது. வேர் அதுவே என்றால் மரம் அன்றே சாய்ந்திருக்க வேண்டும். மாநிலப் படிவங்களில் ஒரு கட்டம்கூட அசையவில்லை.

எதிர்வாதங்கள் உண்டு, எடையுள்ளவையும்கூட. கென்டக்கியில் அயல் மாநிலப் பத்திர வட்டிக்கு வரி கட்டிய தம்பதியர், இது மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைப் பாகுபடுத்துகிறது என்று வழக்குத் தொடுத்து 2006இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2008இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. மற்ற 49 மாநிலங்களும் கென்டக்கிக்கு ஆதரவாக நின்றன. சாலை, பள்ளி, குடிநீருக்காகக் கடன் திரட்டுவது அரசுப் பணி. தனக்கே சலுகை தருவது உள்ளூர் வியாபாரியைக் காப்பது ஆகாது என்று நீதிபதி சூட்டர் எழுதினார். நாடு தழுவிய பெரிய நிதிகள் திரும்பிப் பார்க்காத சிற்றூர்களின் சிறிய கடன்களை ஒற்றை மாநில நிதிகள்தான் வாங்குகின்றன என்றும் சுட்டிக்காட்டினார். நீதிபதிகள் கென்னடியும் அலிட்டோவும் உடன்படவில்லை. சிற்றூர் பற்றிய வாதத்தை நான் ஏற்கிறேன், ஆனால் அது என் பக்கத்துக்கே வந்து சேர்கிறது: அதுவும் சந்தையையும் கடன் செலவையும் பற்றிய வாதந்தான்.

குறைந்த வட்டிக்குக் கடன் பெறும் அந்த ஆதாயத்துக்கு ஒரு விலையும் உண்டு. 1917இன் ஜோன்ஸ் சட்டப்படி புவேர்ட்டோ ரிக்கோவின் பத்திரங்களுக்கு எல்லா மாநிலங்களிலும் விலக்கு. எல்லைச் சுவரில் இருந்த ஒரே பெரிய திறப்பு அது. சொந்த மாநிலப் பத்திரங்கள் போதாத ஒற்றை மாநில நிதிகள் அந்தத் திறப்பின் வழியே பாய்ந்தன. மாநிலத்தின் பெயர் தாங்கிய நிதியில் ஒரு கரீபியத் தீவின் கடன் குவிந்தது. தீவோ கேட்ட அளவுக்குக் கடன் கிடைத்துக்கொண்டே இருந்ததில், 70 பில்லியன் டாலருக்கும் அதிகமான பத்திரக் கடனோடு 2017இல் திவால் நடைமுறைக்குள் போனது. தீவின் கடனுக்கு வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பத்திரத்தின் தரத்தைவிட அது வரிக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பார்த்து வாங்கும் சந்தை, கடன் வாங்குபவரை எச்சரிக்கத் தவறும்.

அயல் மாநிலத்தின் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் ஏன் வரிச் சலுகை தர வேண்டும் என்று ஒரு மாநிலம் கேட்டால் அதற்குச் சட்டப்படி பதிலில்லை; 1881லேயே அந்தக் கேள்விக்கு முடிவு கட்டியாயிற்று. இருந்தாலும் வேறு வழிகளை முயன்ற மாநிலங்கள் உண்டு. தன் பத்திரங்களுக்கு வரி போடாத மாநிலத்தின் பத்திரங்களுக்குத் தானும் போடுவதில்லை என்று யூட்டா பேரம் வைத்திருக்கிறது. இந்தியானா நெடுங்காலம் எல்லா மாநிலப் பத்திரங்களையும் விட்டுவைத்திருந்தது. 2012 முதல் வாங்கிய அயல் பத்திரங்களுக்கு அதுவும் வரி போடத் தொடங்கிவிட்டது.